சிட்டிங் எம்.எல்.ஏ.வுக்காக வாசலில் நிற்பது: பூத் கமிட்டிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பாலக்கோட்டிலிருந்து மாரண்டஅள்ளி போகிற வழியில் ஒரு டீக்கடை. வாக்குச்சாவடி வாரியாகக் கட்சி அமைக்கும் பூத் கமிட்டியில் முதல் தடவையாகப் பெயர் கொடுத்திருந்த தம்பி ஒருவன், வாங்கிய டீயைக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டான். “அண்ணா, எங்க தெருவுக்கு அஞ்சு வருசமா சாக்கடை கட்டல. மறுபடியும் அவருக்கே ஓட்டுப் போடுங்கன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நான் கேக்கறது?”

பேருந்து வந்துவிட்டதால் அன்று பாதிப் பதில்தான் சொல்ல முடிந்தது. இருபது வருடமாகத் தருமபுரி மாவட்டத்தில் தேர்தல் வேலை பார்த்தவன் நான். முழுப் பதிலையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நான் எந்தக் கட்சி என்பது இதற்குத் தேவையில்லை. எந்தக் கரை வேட்டி கட்டியவருக்கும் இந்தக் கேள்வி ஒரு நாள் வரும்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பார்த்துவிடுவோம். பதவியில் இருந்துகொண்டே மறுபடியும் போட்டியிடுபவரை ஊரில் ‘சிட்டிங்’ என்கிறோம். சிட்டிங் எம்.எல்.ஏ., சிட்டிங் எம்.பி. புது வேட்பாளர் வாக்குறுதியோடு வருவார். அதை உரசிப் பார்க்க யாரிடமும் எதுவும் இருக்காது. சிட்டிங் வேட்பாளர் ஐந்து வருடக் கணக்கோடு வருகிறார். அவர் செய்ததும் தெருவில் இருக்கிறது, செய்யாததும் தெருவில் இருக்கிறது. ஆனால் தினமும் வாசலில் போய்க் கும்பிட்டு நிற்கப்போவது நீங்கள். கணக்கை உங்களிடம்தான் கேட்பார்கள்.

அந்தக் கணக்கும் சுலபமாக இருக்காது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தவர்கள் நாம். அதற்குத் தீர்வாக வந்த இந்தத் திட்டத்துக்கு 2008-இல் தி.மு.க. ஆட்சியில் அடிக்கல் நாட்டினார்கள், 2013-இல் அ.தி.மு.க. ஆட்சியில் தொடங்கி வைத்தார்கள். கடன் கொடுத்தது ஜப்பான். இது யார் கணக்கில் சேரும்? இரண்டு பேரும் மேடையில் உரிமை கொண்டாடுவார்கள், இரண்டு பேரிடமும் நியாயம் உண்டு. ஆனால் ஒரு தெருவில் தண்ணீர் நின்றுபோனால், அந்தக் குறை அன்றைக்குப் பதவியில் இருப்பவர் தலையில் மட்டும்தான் விழும். புகழில் பங்குக்கு ஆள் வரும், குறையில் வராது.

எம்.எல்.ஏ.வின் கைக்கு எதுவரை எட்டும் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள். அவருக்கென்று உள்ள தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். ஒரு தொகுதியில் இருக்கிற ஊராட்சிகளுக்கெல்லாம் பிரித்தால் ஊராட்சிக்கு எவ்வளவு வரும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். மொரப்பூர் – தருமபுரி ரயில் பாதை ரயில்வே கையில் இருக்கிறது; எம்.எல்.ஏ. கோரிக்கை வைக்கலாம், தண்டவாளம் போட முடியாது. தெருவிளக்கு ஊராட்சியின் வேலை. இதெல்லாம் தெரியாமல் போனால், கேட்டதற்கெல்லாம் “செஞ்சு குடுத்துடுவார்” என்று தலையாட்டிவிட்டு வருவீர்கள். அந்த நேரத்துக்கு அது விசுவாசம் மாதிரித் தெரியும். அடுத்த தேர்தலில் அதே தலையாட்டல் அவருக்கு எதிரான ஓட்டாக வந்து நிற்கும்.

தோற்கவும் கூடியவர்

தமிழ்நாட்டில் ஆட்சியில் இருப்பவர்கள் திரும்ப ஜெயிப்பது லேசான காரியமில்லை. 1984-இல் எம்.ஜி.ஆர். நியூயார்க்கில் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஜெயித்தார். அதற்குப் பிறகு 2016-இல் ஜெயலலிதா ஜெயிக்கும் வரை, ஆளுங்கட்சியாகத் தேர்தலைச் சந்தித்து மறுபடி ஆட்சிக்கு வந்தவர்கள் இல்லை.

நம் பக்கத்துக்கு பர்கூரைவிட நல்ல பாடம் கிடையாது. 1991-இல் பர்கூரில் ஜெயித்து ஜெயலலிதா முதலமைச்சர் ஆனார். 1996-இல் முதலமைச்சராகவே அதே பர்கூரில் நின்று, தி.மு.க.வின் இ.ஜி. சுகவனத்திடம் 8,366 ஓட்டில் தோற்றார். (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல்தான்; அன்றைக்கு பர்கூரும் தருமபுரி மாவட்டம்.) அப்போது சின்னப் பையனாக ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, எண்ணிக்கை முடிந்துவிட்டது என்பதையே நம்ப முடியவில்லை.

மறுபக்கம் பாலக்கோடு. 2001, 2006, 2011, 2016, 2021 என்று ஐந்து தேர்தலிலும் கே.பி. அன்பழகன் அங்கே தொடர்ந்து ஜெயித்தார். சென்னையில் ஆட்சி மாறி மாறி வந்தபோதும் தொகுதி மாறவில்லை. அதனால் சிட்டிங் என்றாலே ஜெயிப்பார் என்றும் சொல்ல முடியாது, தோற்பார் என்றும் சொல்ல முடியாது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஜெயிக்கிற குதிரை என்று நம்பி வருகிறவர்கள்தான் முதலில் கிளம்புகிறார்கள். ஒரு கருத்துக் கணிப்பு மாறி வந்தால் போதும், மறுநாள் தெருமுனைக் கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. தோற்றாலும் பரவாயில்லை, இந்த ஆள் இன்னும் ஐந்து வருடம் இருந்தால் தொகுதிக்கு நல்லது என்று நினைக்க உங்களுக்கென்று ஒரு காரணம் வேண்டும். எனக்கு இருந்த காரணம் சின்னதுதான். எங்கள் எம்.எல்.ஏ. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் ஃபோனை எடுப்பார். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டுக் கிடந்த இரவில், நாலு பையன்களை எழுப்பி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது அவர் ஃபோன். சாக்கடை கட்டாததோடு இதையும் சேர்த்துத்தான் நான் எடை போட்டேன். நீங்கள் எடை போட்டு, உங்கள் தட்டில் எதுவுமே இல்லை என்று தெரிந்தால் இப்போதே சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்வது நல்லது. பாதியில் காணாமல் போவதைவிட அது மரியாதை.

கசப்பை யாரிடம் சொல்வது

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் வெளியிட்ட ஒரு கருத்து இந்த விஷயத்தில் எனக்கு ரொம்ப உதவியது. ஒரு நிறுவனமோ கட்சியோ தரம் கெட்டுப்போனால், அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது என்றார் அவர். வெளியே போய்விடலாம். இல்லை, உள்ளே இருந்து குரல் கொடுக்கலாம். நைஜீரியாவில் ரயில்வேயைப் பார்த்தபோது அவருக்கு இது தட்டுப்பட்டது. ரயில் சேவை மோசமானதும் சரக்கு அனுப்புகிறவர்கள் லாரிக்கு மாறிவிட்டார்கள். சண்டை போடக்கூடிய ஆட்கள் எல்லோரும் போய்விட்டதால் ரயில்வேயைத் திட்டித் திருத்த ஆள் இல்லாமல், அது அப்படியே கிடந்தது. விசுவாசம் இந்த இரண்டு வழிக்கும் நடுவில் வேலை செய்கிறது. போய்விடலாம் என்ற நினைப்பைக் கொஞ்ச நாள் தள்ளிப்போட வைக்கிறது. அந்தக் கொஞ்ச நாளில் குரலுக்கு நேரம் கிடைக்கிறது.

நம் ஊரில் இதைத் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கிறோம். குறை சொன்னவனை ‘விலை போயிட்டான்’ என்கிறோம். சால்வை போட்டு “தலைவரே, எதிர்ல ஆளே இல்ல” என்பவனை உண்மைத் தொண்டன் என்கிறோம். பதவியில் இருப்பவரைச் சுற்றி ஐந்து வருடத்தில் ஒரு வட்டம் சேர்ந்துவிடும். காண்ட்ராக்ட் எடுப்பவர், சிபாரிசுக்கு வந்து அப்படியே தங்கிவிட்டவர், காரில் முன் சீட்டில் உட்காருபவர். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கசப்பான சேதி அந்த வட்டத்தைத் தாண்டி உள்ளே போகாது. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கக் கிளையில் இருப்பவர்களை விட்டால் ஆள் இல்லை.

ஒரு மார்ச் மாத மதியம். வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருவில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு பாட்டி திண்ணையில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸை நீட்டினேன். வாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து, என் மணிக்கட்டைப் பிடித்துக் குழாயடிக்குக் கூட்டிப்போனார். குழாயைத் திருகினார். புஸ்ஸென்று காற்று வந்தது. அதற்குப் பின்னால் செம்மண் நிறத்தில் இரண்டு சொட்டு. குழாயை மூடாமலே என்னைப் பார்த்து, “இதுக்கா சாமி ஓட்டு?” என்றார்.

கூட வந்தவர், “பாட்டி, போன ஆட்சியில இந்தக் குழாயே இல்லியே” என்று ஆரம்பித்தார். அவர் தோளைத் தொட்டு நிறுத்தினேன். வாசலில் வாதம் பண்ணி வாங்கிய ஓட்டு ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நோட்டை எடுத்து எழுதினேன்: எந்தத் தெரு, எத்தனை வீடு, எத்தனை நாளாக. பதினோரு வீடு, நாற்பது நாள். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் வழியில் வால்வு உடைந்திருந்தது.

இரவு பத்து மணிக்குப் பிரசாரம் முடிந்து எம்.எல்.ஏ. ஜீப்பில் ஏறினார். பக்கத்தில் போய்ச் சொன்னேன். “அண்ணே, மேட்டுத் தெருவுல இன்னைக்கி தேதிக்கு நமக்கு ஒரு ஓட்டுகூட இல்ல. தண்ணி வரல.” சுற்றி நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எத்தன நாளா?” என்று மட்டும் கேட்டார். நோட்டைக் காட்டினேன். மறுநாள் காலை ஏழு மணிக்குத் தனியாக வந்து அந்தக் குழாயடியில் நின்றார். தேர்தல் நன்னடத்தை விதி நடப்பில் இருந்ததால் எந்த அறிவிப்பும் செய்ய முடியாது. “இது தெரியாம இருந்தது என் தப்பும்மா” என்று பாட்டியிடம் சொன்னார். வால்வை மாற்றித் தரும்படி நாங்கள் கேட்டதற்கு, தேர்தல் முடியட்டும் என்று பதில் வந்தது. சரி, என்ன செய்வது. பாட்டி யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை, கேட்கவும் கூடாது.

அந்தத் தம்பியின் கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே இருக்கிறது. சாக்கடை கட்டவில்லை என்பதை முதலில் தலைவரிடம் போய்ச் சொல். சீக்கிரம் சொல், விவரத்தோடு சொல், முடிந்தால் நாலு பேர் இல்லாத இடத்தில் சொல். அதே குறையை வாட்ஸ்அப் குழுவிலும் டீக்கடையிலும் சொன்னால் அது சரியாகாது, எதிராளிக்கு நோட்டீஸ் அடிக்கப் பயன்படும். அப்புறம் வாசலில் யாராவது கேட்டால் பொய் சொல்லாதே. “கட்டலதான், நானே அவர்கிட்ட சொல்லியிருக்கேன்” என்று சொல்ல முடிகிறவனுக்கு வேறு மூஞ்சி தேவைப்படாது.

நாள் நீள நீள

ஓட்டுப் போடும் நாளைத்தான் எல்லோரும் பெரிதாக நினைக்கிறார்கள். ஆட்கள் உதிர்வது அதற்கு முன்னாலும் பின்னாலும். 2021-இல் பிப்ரவரி 26 தேதி அறிவித்தார்கள், ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, மே 2 எண்ணிக்கை. மொத்தம் 65 நாள். அறிவிப்புக்கு ஒரு வருடம் முன்னாலிருந்தே நடக்கிற பூத் கமிட்டிக் கூட்டங்களைச் சேர்த்தால், கல்யாணம், காதுகுத்து, தக்காளி விலை எல்லாவற்றுக்கும் நடுவில் இதை இழுத்துக்கொண்டு போக வேண்டும்.

முதல் சோதனை சீட். தருமபுரி நாடாளுமன்றத் தொகுதியைப் பாருங்கள். 2014-இல் ஜெயித்த அன்புமணி ராமதாஸ், சிட்டிங் எம்.பி.யாக நின்று 2019-இல் தி.மு.க.வின் செந்தில்குமாரிடம் தோற்றார். 2024-இல் சிட்டிங் எம்.பி. செந்தில்குமாருக்கு சீட் இல்லை. அதே கட்சியில் ஆ. மணி நிறுத்தப்பட்டு ஜெயித்தார். மூன்று தேர்தல், மூன்று எம்.பி. ஐந்து வருடம் ஒருவரோடு ஓடிய தொண்டனுக்கு ஒரே நாளில் வேட்பாளர் மாறிப்போகிறார் என்றால் அவன் என்ன செய்வது?

என் கருத்து இது. உங்கள் காரணம் அந்த மனிதர் என்றால், கட்சியிடம் சொல்லிவிட்டு அந்தத் தேர்தலுக்கு வீட்டில் இருங்கள். காரணம் கட்சி என்றால், மறுநாள் காலையிலேயே புது வேட்பாளருக்காகக் கிளம்புங்கள். இரண்டுமில்லாமல் பேட்ஜைக் குத்திக்கொண்டு உள்ளடி வேலை பார்ப்பதை மட்டும் மன்னிக்க முடியாது. உள்ளடி என்றால் என்னவோ பெரிய சதி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். அது ரொம்பச் சின்னச் சின்ன வேலை. வேட்பாளர் சுற்றுப்பயண அட்டவணையில் ஒரு கொட்டாயை, அதாவது ஒரு சின்னக் குடியிருப்பை, விட்டுவிடுவது. அறுபது வீட்டில் நாற்பதுக்குப் போய்விட்டு அறுபதும் முடிந்தது என்று எழுதுவது. வயதானவர்களைக் கூட்டிவர ஏற்பாடு செய்த ஆட்டோ மதியம் மூன்று மணிக்கு ரிப்பேர் ஆவது. 2021-இல் கிருஷ்ணகிரி சட்டமன்றத் தொகுதியில் வெற்றி வித்தியாசம் 794 ஓட்டு. ஒரு தொகுதியில் முந்நூறுக்கும் மேல் வாக்குச்சாவடி இருக்கும். சாவடிக்கு இரண்டு மூன்று ஓட்டு. போகாமல் விட்ட இருபது வீடு அதற்குப் போதும்.

எதிர்த்தரப்பிலிருந்து உங்களை இழுக்க ஆள் வரும், பேசுவார்கள். அதை நான் விரிக்கப் போவதில்லை.

வாக்குப்பதிவுக்கும் எண்ணிக்கைக்கும் நடுவில் இருக்கிற காலம்தான் ஆளைத் தின்னும். 2016-இல் மூன்றே நாள். 2021-இல் 26 நாள். 2024-இல் ஏப்ரல் 19 ஓட்டுப் போட்டுவிட்டு ஜூன் 4 வரை, 46 நாள் காத்திருந்தோம். மாங்காய் சீசன் அது. தோப்புக் குத்தகை எடுத்தவர்கள் செந்தூராவும் பெங்களூராவும் பறிக்கப் போய்விடுவார்கள். தருமபுரிக்கு வாக்கு எண்ணும் மையம் செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரி. பெட்டி வைத்த அறையைக் கண்காணிக்க வேட்பாளர் தரப்பு ஆள் முறை வைத்து உட்காரலாம். பிரசாரத்தில் வண்டி மேல் நின்றவர்கள் யாரும் அந்தப் பந்தலில் இருக்க மாட்டார்கள். ராத்திரி முறைக்கு வந்து கொசு அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மூன்று பையன்களை நான் இன்றும் பெயர் சொல்லிக் கூப்பிடுவேன்.

எதுவரை

தலைவருக்கு விசுவாசம் என்பதில் ‘எந்தத் தலைவர்’ என்ற கேள்வியும் உண்டு. நம் மாவட்டத்துக்கு அது 2017-இல் வந்தது. முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமிக்கு ஆதரவில்லை என்று அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் சிலர் ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். செப்டம்பர் 18-இல் அவர்களில் 18 பேரைப் பேரவைத் தலைவர் தகுதி நீக்கம் செய்தார். பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் இரண்டும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019 ஏப்ரல் 18 இடைத்தேர்தல் வரை, ஒன்றரை வருடத்துக்கு மேல், மாவட்டத்தின் ஐந்து தொகுதியில் இரண்டுக்கு எம்.எல்.ஏ. இல்லை. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. மனு எடுத்துக்கொண்டு போக ஆளில்லாமல் நின்றவர்கள் ஊர்க்காரர்கள். விசுவாசத்தை எடை போடும்போது அவர்களையும் தட்டில் வையுங்கள்.

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைத்தான் கட்டும். தொண்டனைக் கட்டாது. மூன்று தடவை சொல்லியும் தலைவர் காது கொடுக்கவில்லை என்றால் நீங்கள் போகலாம். அதில் துரோகம் எதுவும் இல்லை. கவரைக் கொடுத்து ‘வீட்டுக்கு வீடு சேர்த்துடு’ என்றால் மறுத்துவிடுங்கள். ஓட்டுக்குப் பணம் கொடுப்பது ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். மாட்டிக்கொண்டால் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கப்போவது நீங்களும் உங்கள் அம்மாவும்தான்.

அந்த நாள்

வேட்பாளர் சார்பில் சாவடிக்குள் பூத் ஏஜென்ட்டாக உட்காருகிறவர்கள் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் சாவடியில் இருக்க வேண்டும். ஏழு மணிக்குத் தொடக்கம் என்றால் ஐந்தரைக்கு. அப்போது மாதிரி வாக்குப்பதிவு நடக்கும். குறைந்தது 50 ஓட்டு போட்டு, கணக்கும் இயந்திரம் காட்டுவதும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அந்த ஓட்டுகளை அழிக்க வேண்டும், போட்ட ஓட்டைச் சீட்டாக அச்சிட்டுக் காட்டும் விவிபேட் பெட்டியில் விழுந்த மாதிரிச் சீட்டுகளை வெளியே எடுக்க வேண்டும். உங்கள் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தூக்கக் கலக்கத்தில் போடாதீர்கள். மாலையில் முடிந்ததும் 17சி படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சாவடியில் எத்தனை ஓட்டு பதிவானது என்பது அதில் இருக்கும். எண்ணிக்கை நாளில் மேசைக்கு வரும் இயந்திரத்தின் மொத்தத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும். என் நகலை நான் சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன்.

மேட்டுத் தெருவில் அந்தச் சம்பவம் நடந்த தேர்தலில் எங்கள் எம்.எல்.ஏ. தோற்றார். எண்ணிக்கை முடிந்த அன்று சாயங்காலம் அவர் வீட்டு முன்னால் எட்டு செருப்புதான் கிடந்தது. அவர் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, “அந்த நோட்டு பத்திரமா இருக்கா?” என்று கேட்டார். நன்னடத்தை விதி விலகியதும் வந்த முதல் திங்கட்கிழமை, குறைதீர்க்கும் நாளில், பாட்டியையும் அதே தெருவிலிருந்து இன்னும் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன். மனுவை எழுதியது தோற்றுப்போன எம்.எல்.ஏ.; பதினோரு வீடு, நாற்பது நாள் என்பதில் நாற்பதை அடித்துவிட்டு, எண்பத்தேழு நாள் என்று திருத்தியதும் அவர் கைதான். இரண்டு வாரத்தில் வால்வு வந்தது.